மெயில் புரோகிராம் மாற்றும்போது முகவரிகளை ஒன்றுகூட விடாமல் கொண்டுபோக: முழுமையான வழிகாட்டி

கம்பத்திலும் மலைக்கு மேலே குமுளியிலும் இருக்கிற ஏலக்காய்க் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கிறேன். ஒரு மெயில் புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடிதங்கள் தொலைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தொலைவது முகவரிகள்தான். கடிதங்கள் பெரும்பாலும் சர்வரில் இருக்கும். புதுப் புரோகிராமில் பாஸ்வேர்டு போட்டதும் வந்து இறங்கிவிடும். முகவரிப் புத்தகம் அப்படித் தானாக வராது. நாம்தான் எடுத்துப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பட்டியலில் போடி ஏஜெண்ட் பெயர் தமிழில் இருக்கும், கட்டப்பனைக்காரர் பெயர் மலையாளத்தில் இருக்கும், மும்பை பார்ட்டியின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் மட்டும் இருக்கிற பட்டியல் பிசகில்லாமல் போய்ச் சேரும் இடத்தில் நம் பட்டியல் சிதைந்துவிடும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பித்தான் நிற்கிறது.

கையில் வேண்டியவை: பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டின் பாஸ்வேர்டும், ஒரு பென் டிரைவ், ஒரு தாள், பேனா. சில நூறு பெயர்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காய் எடுக்கும் சீசனில், ஏலம் நடந்துகொண்டிருக்கும் காலை நேரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

1. முகவரிகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"மெயிலில் இருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது போதாது. அவை கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கலாம், சர்வரில் இருக்கலாம், போனில் மட்டும்கூட இருக்கலாம். பல கடைகளில் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமில் முகவரிப் புத்தகம் ஒன்றல்ல. நீங்களே பதிந்தவர்கள் ஒரு புத்தகத்தில் இருப்பார்கள். நீங்கள் மெயில் அனுப்பியதால் தானாகச் சேர்ந்தவர்கள் 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற தனிப் புத்தகத்தில் இருப்பார்கள். ஜிமெயிலிலும் அப்படியே: 'கான்டாக்ட்ஸ்' வேறு, 'அதர் கான்டாக்ட்ஸ்' வேறு. தினமும் மெயில் போகிற பாதிப் பேர் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருப்பார்கள். அங்கே பார்க்காமல் போனால் அத்தனை பேரும் விட்டுப்போவார்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் ஏமாறுகிற இடம் வேறு. 'டு' பெட்டியில் இரண்டு எழுத்து அடித்ததும் பெயர்கள் வந்து நிற்குமே, அதெல்லாம் முகவரிப் புத்தகத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது புரோகிராம் நினைவில் வைத்திருக்கும் தனிப்பட்டியல்; எக்ஸ்போர்ட்டில், அதாவது முகவரிகளைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது, வராது. அப்படி வரும் பெயர்களில் வேண்டியவர்களை இப்போதே முகவரிப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தால் யார் யார் என்று தெரிந்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை: பழைய கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அந்தக் கணக்கின் வழியாக வந்த பெயர்கள் கணக்கோடு சேர்ந்து போனிலிருந்தும் மறைந்துவிடும்.

2. எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு புத்தகத்திலும் எத்தனை பேர், எத்தனை குழுக்கள், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் கடைசிவரை உங்களுக்குச் சாட்சி. 'வெற்றிகரமாக இறக்கப்பட்டது' என்று புரோகிராம் சொல்வதற்கு அர்த்தம், வேலை தடைப்படாமல் முடிந்தது என்பது மட்டுமே. எல்லாரும் வந்தார்களா என்பதை அது சொல்லாது.

3. தொடாத நகல் ஒன்று

மேசைக் கம்ப்யூட்டரில் போடுகிற பழைய வகை அவுட்லுக் என்றால் பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக் தன் கடிதங்களையும் முகவரிகளையும் சேர்த்து வைக்கும் கோப்பு) எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போடுங்கள். தண்டர்பேர்டு என்றால் புரோகிராமை மூடிவிட்டு, உங்கள் கடிதங்களும் முகவரிகளும் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். ஜிமெயில் என்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து வரும் முதல் கோப்பே போதும்.

இந்த நகலைத் திறக்கக் கூடாது, திருத்தக் கூடாது. இரட்டைப் பெயர்களை நீக்குவது, பழைய நம்பர்களை அழிப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான். சுத்தம் செய்கிறேன் என்று முதலிலேயே கை வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

4. எந்த வடிவத்தில் எடுப்பது

பழைய வகை அவுட்லுக்கிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரின் அதே வகை அவுட்லுக்குக்குப் போகிறீர்கள் என்றால் பிஎஸ்டி. குழுக்கள், படங்கள் எல்லாம் அப்படியே வரும். வேறு வடிவத்தை யோசிக்கவே வேண்டாம்.

வேறு புரோகிராமுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு வழி. விகார்டு, அதாவது விசிஎஃப் என்று முடியும் கோப்பு, அல்லது சிஎஸ்வி.

இரண்டு புரோகிராமும் விகார்டை ஏற்றால் நான் விகார்டைத்தான் எடுப்பேன். அதில் எது பெயர், எது வேலை நம்பர், எது வீட்டு நம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டியிருக்கும். சிஎஸ்வி என்பது கமா போட்டுப் பிரித்த வெறும் பட்டியல். முதல் வரியில் தலைப்புகள் இருக்கும். அந்தத் தலைப்புகளை ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு பெயரில் எழுதும். புதியது அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் ஃபேக்ஸ் நம்பர் மொபைல் நம்பர் இடத்தில் போய் உட்காரும்.

ஆனால் பழைய, மேசைக் கம்ப்யூட்டரில் போடுகிற அவுட்லுக் பல பேர் இருக்கும் விகார்டு கோப்பில் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ஆயிரம் பேரைக் கொடுத்து ஒரே ஒருவர் வந்திருந்தால் காரணம் இதுதான். கோப்பில் பிழை இல்லை. அந்த இடத்தில் சிஎஸ்வி எடுங்கள்.

5. ஐந்து பேரை வைத்து ஒத்திகை

முழுப் பட்டியலை அனுப்புவதற்கு முன்னால் ஐந்து பேரை மட்டும் அனுப்பிப் பாருங்கள். யாரோ ஐந்து பேர் இல்லை. ஒருவர் தமிழ்ப் பெயர், ஒருவர் மலையாளப் பெயர், ஒருவருக்கு இரண்டு மெயிலும் லேண்ட்லைனும், ஒருவருக்குக் கமா போட்ட நீளமான முகவரி, ஒருவர் ஏதாவது ஒரு குழுவில் இருப்பவர்.

குமுளியில் ஒரு கடையில் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே முப்பது வருஷமாக இருக்கும் கணக்குப்பிள்ளை. ஒத்திகை பார்க்காமல் முழுப் பட்டியலையும் இறக்கிவிட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று எழுந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு திரையில் ஒரு வரியை விரலால் தொட்டார். "தம்பி, இங்க நம்ம வண்டன்மேட்டு சேட்டன் இருக்கணும். வெறும் கேள்விக்குறியா நிக்குதே?" கீழே உருட்டிப் பார்த்தால் மலையாளப் பெயர், தமிழ்ப் பெயர் எல்லாமே கேள்விக்குறி. ஆங்கிலப் பெயர்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. எண்ணிக்கை என்னவோ சரிதான், ஆட்கள்தான் இல்லை. அன்று சாயங்காலம் வரை திரும்ப உட்கார்ந்தோம். ஐந்து பேரை மட்டும் அனுப்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

6. எக்ஸ்போர்ட் செய்வது

தண்டர்பேர்டு: முகவரிப் புத்தகச் சன்னலில் புத்தகத்தின் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்'. ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். சிஎஸ்வி எடுத்தால் 'சிஸ்டம் சார்செட்', 'யூடிஎஃப்-8' என்று இரண்டு வகை காட்டும். கண்ணை மூடிக்கொண்டு யூடிஎஃப்-8. தமிழும் மலையாளமும் கெடாமல் போகிற எழுத்துமுறை அதுதான்.

ஜிமெயில்: கான்டாக்ட்ஸ் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் கூகுள் சிஎஸ்வி, அவுட்லுக் சிஎஸ்வி, விகார்டு என்று மூன்று வரும். இன்னொரு கூகுள் கணக்குக்கு என்றால் கூகுள் சிஎஸ்வி, அவுட்லுக்குக்கு என்றால் அவுட்லுக் சிஎஸ்வி, மற்றதற்கெல்லாம் விகார்டு.

பழைய அவுட்லுக்: 'ஃபைல்', 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' என்று போனால் சிஎஸ்வி கிடைக்கும். கணக்குப்பிள்ளையின் கேள்விக்குறிகள் பிறந்த இடம் இதுதான். இந்த வழியில் வரும் சிஎஸ்வி, விண்டோஸின் பழைய எழுத்துப் பக்கத்தில், அதாவது சில மொழிகளின் எழுத்துகள் மட்டும் உள்ள பழைய அட்டவணையில், எழுதப்படும். அந்தப் பழைய பக்கங்கள் எதிலும் தமிழுக்கு இடமே கிடையாது, மலையாளத்துக்கும் கிடையாது. உங்கள் கணக்கு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரோடு இணைந்ததாக இருந்தால் பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து, அங்கே உள்ள 'பீப்பிள்' பகுதியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெயர்கள் கெடாமல் வரும்.

ஆண்ட்ராய்டு போன்: கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் விசிஎஃப் கோப்பு வரும். பல போன்கள் இதை விகார்டின் பழைய 2.1 பதிப்பில் எழுதுகின்றன. அதில் தமிழ் எழுத்துகள் சமக்குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். சில புரோகிராம்கள் அதைப் படித்துவிடும், சில படிக்காது. படிக்காவிட்டால் அந்தக் கோப்பை முதலில் ஒரு கூகுள் கணக்கில் ஏற்றி, அங்கிருந்து விகார்டாகத் திரும்ப எடுங்கள். 3.0 பதிப்பில் வரும், பெரும்பாலான புரோகிராம்கள் படிக்கும்.

7. கோப்பைப் பாருங்கள், ஆனால் எக்செலில் திறக்காதீர்கள்

இந்த ஒரு படியில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சிஎஸ்வி கோப்பை இரண்டு கிளிக் செய்தால் எக்செல் திறந்துகொள்ளும். 91 சேர்த்து எழுதிய மொபைல் நம்பர்கள் 12 இலக்கம். எக்செல் அதைப் போன் நம்பர் என்று நினைக்காது, தொகை என்று நினைக்கும். முன்னால் இருக்கும் கூட்டல் குறியைத் தூக்கிவிடும், 9.19 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்தும் +11-உம் போட்டுச் சுருக்கிக் காட்டும். இதுவரை நஷ்டம் இல்லை. ஆனால் அந்த நிலையில் 'சேவ்' கொடுத்தால் திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். பின்னால் இருந்த இலக்கங்கள் போயே போயின. பட்டியலில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் இருக்கும்.

லேண்ட்லைனும் தப்பாது. கம்பத்துக்கு 04554, குமுளிக்கு 04869 என்று தொடங்கும் நம்பரை இடைவெளி விடாமல் சேர்த்து எழுதியிருந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும்.

பார்ப்பதற்கு நோட்பேட் போதும். திறந்து, தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பெயர் ஒழுங்காகத் தெரிந்தால் நல்லது, அடுத்த படிக்குப் போகலாம்.

தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, திறந்த புரோகிராம்தான் தப்பாகப் படிக்கிறது. சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் இதே கதைதான். அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் மட்டும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள். எழுத்து கோப்பிலேயே இல்லை. எந்த மாற்றுக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய புரோகிராமுக்குத் திரும்பிப் போய், வேறு வழியில் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

திருத்தியே ஆகவேண்டும் என்றால், எக்செல் போன்ற இன்னொரு புரோகிராமான லிப்ரே ஆபீஸ் கால்க் நல்லது. திறக்கும்போதே எந்த எழுத்துமுறை என்று கேட்கும்: யூடிஎஃப்-8. பிரிப்பது எது என்று கேட்கும்: கமா மட்டும். கீழே தெரியும் பட்டியலில் போன் நம்பர் பத்திகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்செல்தான் இருக்கிறது என்றால், கோப்பை இரண்டு கிளிக் செய்யாமல், காலித் தாளைத் திறந்து 'டேட்டா' பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, இதே மாற்றங்களைச் செய்யுங்கள்.

எண்ணிக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். விசிஎஃப் கோப்பில் ஒவ்வோர் ஆளும் 'பிகின் விகார்டு' என்ற வரியில் தொடங்கி 'எண்ட் விகார்டு' என்ற வரியில் முடிவார். எத்தனை 'பிகின்' இருக்கிறதோ அத்தனை பேர். நடுவில் நீளநீளமாகப் புரியாத எழுத்துக்கூட்டம் வந்தால் அது யாரோ ஒருவருடைய போட்டோ, விட்டுவிடுங்கள். சிஎஸ்வியில் வரிகளை நோட்பேடில் எண்ணாதீர்கள். முகவரியை மூன்று வரியாகப் பதிந்தவர் கோப்பிலும் மூன்று வரி எடுத்துக்கொள்வார். கால்க்கில் திறந்து, வரிசைகளை எண்ணி, தலைப்பு வரிக்கு ஒன்றைக் கழியுங்கள்.

8. புதிய புரோகிராமில் இறக்குவது

நேராக முக்கியப் புத்தகத்தில் கொட்டாதீர்கள். தண்டர்பேர்டில் காலியாக ஒரு புதுப் புத்தகம் உருவாக்கி அதில் இறக்குங்கள். அவுட்லுக்கில் தனி ஃபோல்டர். ஜிமெயில் தானாகவே அன்றைய தேதியோடு ஒரு லேபிள் ஒட்டிவிடும். ஏதாவது பிசகினால் அந்தத் தொகுதியை மட்டும் மொத்தமாக அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம். ஏற்கெனவே இருப்பவர்களோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவே இரண்டு நாள் ஆகும். ஜிமெயிலில் கலந்தே போய்விட்டாலும் ஒரு வழி உண்டு: 'அன்டூ சேஞ்சஸ்' மூலம் கடந்த 30 நாளுக்குள் ஏதாவது ஒரு நிலைக்கு முழுப் பட்டியலையும் திருப்பலாம்.

சிஎஸ்வியை இறக்கும்போது தண்டர்பேர்டு இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எதற்கு எது என்று பொருத்தச் சொல்லும். அவசரத்தில் 'ஓகே' தட்டிவிடாதீர்கள். மொபைல், வேலை நம்பர், இரண்டாவது மெயில் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். முதல் வரி தலைப்புதான் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'ஃபர்ஸ்ட் நேம்' என்ற பெயரில் ஒரு புது ஆள் உங்கள் புத்தகத்தில் சேர்ந்துவிடுவார்.

பழைய அவுட்லுக்குக்குள் தமிழ்ப் பெயர்களைக் கொண்டுபோவதற்கும் மேலே சொன்ன பிரவுசர் வழிதான். பிரவுசரில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியை ஏற்றினால் சர்வர் வழியாகத் தானே கம்ப்யூட்டருக்கு வரும்.

9. இனிஷியல்

பெரும்பாலான புரோகிராம்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற ஏற்பாட்டில் நடக்கின்றன. நம் பெயர்கள் அப்படி இல்லை. 'கே. முருகன்' என்பதில் 'கே.' முதற்பெயராகவும் முருகன் கடைசிப்பெயராகவும் போய், புதிய இடத்தில் 'முருகன், கே.' என்று திரும்பி நிற்கும். கடைசிப்பெயர் வரிசையில் அடுக்கினால் சிலர் 'மு'விலும், சிலர் 'கே'யிலும், கடைப்பெயரோடு பதிந்தவர்கள் வேறெங்கோவும் போய் நிற்பார்கள். "ஆளைக் காணோம்" என்று வரும் போன்களில் பாதி இதுதான். ஆள் உள்ளேதான் இருப்பார்.

நான் செய்வது: முழுப் பெயரையும் முதற்பெயர் பத்தியிலேயே போட்டு, கடைசிப்பெயரைக் காலியாக விட்டுவிடுவேன். ஊரும் கடையும் 'கம்பெனி' பத்தியில். தேடினால் உடனே கிடைக்கும்.

10. குழுக்கள்

தினசரி விலைப்பட்டியல் போகிற குழு, லாரி ஆபீஸ் குழு என்று வைத்திருப்பீர்கள். சிஎஸ்வியில் அவுட்லுக் குழுக்கள் வராது. தண்டர்பேர்டு குழுக்கள் சிஎஸ்வி, விகார்டு இரண்டிலும் வராது. எல்டிஐஎஃப் என்ற இன்னொரு கோப்பு வடிவத்தில் மட்டும் வரும், அதுவும் இன்னொரு தண்டர்பேர்டுக்குப் போனால்தான் பயன். கூகுளில் குழுவுக்குப் பதிலாக இருக்கும் லேபிள்கள் கூகுள் சிஎஸ்வியில் வரும்.

குழு வராத இடத்தில் எளிய வழி: பழைய புரோகிராமில் அந்தக் குழுவுக்கு ஒரு மெயில் எழுதத் தொடங்குங்கள். குழுப் பெயரை விரித்தால் உறுப்பினர் முகவரிகள் எல்லாம் வரும். அதை அப்படியே காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வையுங்கள். புதிய இடத்தில் குழுவை உருவாக்கும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். தாளில் எழுதிய எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள். குழுவில் ஒருவர் விடுபட்டால் யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் விலை போகாது.

11. போன்

கம்ப்யூட்டரில் எல்லாம் சரியான பிறகுதான் புதிய கணக்கைப் போனில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒவ்வொருவரும் இரண்டு இரண்டாகத் தெரிவார்கள், பழைய கணக்கிலிருந்து ஒன்று, புதியதிலிருந்து ஒன்று. இதைப் பார்த்துப் பதறி ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் இரண்டும் போய்விடும். கான்டாக்ட்ஸ் ஆப்பின் அமைப்பில் எந்தக் கணக்கின் பெயர்களைக் காட்டுவது என்று இருக்கும். புதியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். போன் நினைவகத்திலும் சிம்மிலும் மட்டும் இருப்பவர்களைத் தனியாகப் பார்த்து, புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இனிப் பதியும் பெயர்கள் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் புதியதுக்கே மாற்றுங்கள். இதை மறந்தால் அடுத்த மாதம் பதியும் பெயர்கள் பழைய கணக்கிலேயே போய்ச் சேரும்.

12. பழையதை எப்போது மூடுவது

குறைந்தது ஒரு மாதம் பழைய புரோகிராம் அப்படியே இருக்கட்டும், புதிதாக எதையும் அதில் பதியாமல். மாதத்தில் ஒரு தடவை மட்டும் மெயில் போகிற ஆடிட்டர், பேக்கிங் அட்டைப்பெட்டிக்காரர் போன்றவர்கள் இருக்கிறார்களா என்பது அந்த ஒரு மாதம் ஓடினால்தான் தெரியும். வேலை மாறிப் போகிறவர் என்றால் அலுவலகக் கணக்கு கடைசி நாளோடு அடைபட்டுவிடும். அதற்கு முன்பே, நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, சொந்தத் தொடர்புகளை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போங்கள். ஒத்திகைக்கு எடுத்தது, கேள்விக்குறியோடு வந்தது, திருத்தியது என்று நான்கைந்து கோப்புகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் வியாபாரத்தில் இருக்கும் அத்தனை பேரின் நம்பரும், குறிப்புப் பத்தியில் நீங்கள் எழுதி வைத்ததும் இருக்கிறது. பென் டிரைவில் இருக்கும் தொடாத நகலை மட்டும் தேதி எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்றதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலோ பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரிலோ இந்த வேலையைச் செய்திருந்தால் அங்கேயும் அழித்து, இரண்டு கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டுத்தான் எழுந்து வரவேண்டும்.